தவளைக் கணக்கு

நத்தம் பக்கத்துக் கண்மாய்களில் பாஸ் என்று ஒரு மீன் கிடையாது. இந்த உண்மை எனக்குத் தெரியவந்தபோது, பாஸ் மீனுக்கென்றே செய்த ரப்பர் புழு நான்கு பாக்கெட் என் கையில் இருந்தது.

மதுரையில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கியவை. கடைக்காரர் மேல் தப்பே இல்லை. "எந்த மீனுக்கு சார்?" என்று ஒழுங்காகத்தான் கேட்டார். நான்தான் "எல்லாத்துக்கும்" என்றேன். அப்படிச் சொல்கிற ஆளிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்பது நாற்பது வயதுவரை கணக்கு எழுதிப் பிழைத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நத்தத்தில் சட்டை தைக்கும் ஒரு பட்டறையில் கணக்குப்பிள்ளை நான். பித்தான் கணக்கில் ஒரு குரோஸ் குறைந்தால் ராத்திரி தூக்கம் வராது. ஆனால் அந்தக் கடையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாக்கெட்டைத் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

மோந்து பார்த்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் புழுக்களில் சோம்பு வாசம் அடித்தது. அமெரிக்காக்காரர்கள் ரப்பர் இரையில் சோம்பு மாதிரியான வாசனையும் பூண்டு வாசனையும் சேர்ப்பார்களாம், கூடவே உப்பும். வீட்டில் பாக்கெட்டைப் பிரித்ததும் என் மனைவி, "கறிக்குழம்புக்குப் போடுறதையெல்லாம் போட்டு வச்சிருக்கான். இதையே தாளிச்சுரலாம் போலருக்கே, மீனு வேற எதுக்கு?" என்றாள். அன்றைக்கே அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தப் பத்திக்கு வேலை இல்லை.

பாஸ் வட அமெரிக்க ஏரிகளின் மீன். பெரிய வாய், கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும். அதைப் பிடிக்க அங்கே போட்டி, பரிசு, தனிப் படகு என்று ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. நம் கரையில் ஆங்கிலக்காரன் அந்தப் பெயரைக் கொண்டுவந்து ஒட்டியது கொடுவாவின் மேல். ஆசியக் கடல் பாஸ் என்கிறார்கள். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது. நல்ல சேதிதான். ஆனால் கொடுவா இருப்பது முகத்துவாரத்திலும் உப்பங்கழியிலும். அது நத்தத்துக்கு வரவேண்டுமென்றால் ஐஸ் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு லாரியில்தான் வரவேண்டும். கரந்தமலைக்கும் சிறுமலைக்கும் நடுவில், மாந்தோப்பும் புளியமரமும் சூழ்ந்த மானாவாரி பூமியில் நின்றுகொண்டு, நான் யாருக்குப் புழு வீசுவது?

"விராலுக்கு வீசு" என்றார் தாய்மாமா. "அதுக்கும் வாய் பெருசுதான்."

இந்த மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரிடம் இருப்பது ஒரு மூங்கில் கம்பு. அதில் தங்கூசி நரம்பு, ஒரு முள். மடையோரத்து ஈரத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற தவளை ஒன்றைப் பிடித்து, முதுகுத்தோலில் முள்ளைக் கோத்து, அல்லி இலைகளுக்கு நடுவே கம்பால் தொட்டுத் தொட்டு எடுப்பார். தவளை தண்ணீரில் தத்தும். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகும்போது துண்டில் ஒன்றோ இரண்டோ கனமாக இருக்கும். அவர் கருவியின் மொத்த விலை, நான் வாங்கிய ரப்பர் பாக்கெட்டை அடைத்திருந்த ஜிப் பையின் விலைதான் இருக்கும்.

நான் உயிருள்ள தவளையைக் கோக்க மாட்டேன் என்று அறிவித்தேன். காரணமாக ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். தவளை விவசாயிக்கு நண்பன், பூச்சியைத் தின்கிறது, தவளைக்கால் ஏற்றுமதி ஏகமாய் நடந்து வயலெல்லாம் தவளை குறைந்துபோய் அரசாங்கம் 1987இல் அதற்குத் தடையே போட்டது என்றெல்லாம். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நான் தவளையைத் தொடாததற்கு அது காரணமுமில்லை. எனக்குத் தவளை என்றால் அருவருப்பு. குளியலறையில் ஒன்று வந்தால் மனைவிதான் முறத்தோடு வரவேண்டும். மாமாவுக்கு இது தெரியும். சொற்பொழிவு முடியும்வரை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி மாப்ள, ரப்பர்லயே பிடி" என்றார்.

அங்கேதான் நோட்டு ஆரம்பித்தது.

கணக்குப்பிள்ளைக்கு எதையும் சும்மா செய்யத் தெரியாது. எந்த ரப்பர் இரை எங்கள் கண்மாய்க்குச் சரிப்படும் என்று முறையாக ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்து, நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, நேரம், ரகம், நிறம், எடை, அடி, பிடி. அடி என்றால் மீன் வந்து மோதியது. பிடி என்றால் கரைக்கு வந்தது. இரண்டு வருஷம் எழுதினேன். 'பிடி' என்ற பத்தியில் மை செலவானது மிகக் குறைவு.

முதலில் பாஸ் புழு. அதை மாட்டுவதற்கு டெக்சாஸ் முறை என்று ஒன்று சொல்கிறார்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரிக் கூம்பாக ஒரு ஈயம் முன்னால் இருக்கும். முள்ளின் நுனி வெளியே தெரியாமல் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைந்திருக்கும். அதனால் பாசியில் மாட்டாது. மீன் கடிக்கும்போது வெட்டி இழுத்தால் நுனி ரப்பரைக் கிழித்து வெளியே வந்து வாயில் ஏறும். அருமையான யோசனை. ஆனால் புழுவை முள்ளில் நேராகக் கோக்கவேண்டும். கொஞ்சம் கோணினாலும் தண்ணீருக்குள் அது புழுவாகப் போகாமல் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு போகும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். என் புழு நேராகப் போனதே இல்லை. மூன்றாவது வீச்சில் கீழே சரிந்து முள்நுனி எட்டிப் பார்க்கும். அப்புறம் கண்மாயில் உள்ள பாசியெல்லாம் என் சொத்து. ஒரு மாதத்தில் நான் கரையேற்றிய பாசியைப் பார்த்துக் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவரின் காவல்காரர், "மீன்பாசி ஏலம்னு சொல்றது இதத்தானாக்கும்" என்றார்.

அந்தக் காவல்காரரையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். குத்தகைக்காரர் கட்லா, ரோகு குஞ்சு விட்டு வளர்க்கிற கண்மாய் அது. தூண்டில் போடுகிறவர்களைக் காவல்காரர் விரட்டுவார், அல்லது டீச்செலவுக்கு வாங்கிக்கொள்வார். என்னிடமும் முதல் நாள் கேட்டார், கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் நீட்டிய காசை வாங்கவில்லை. ஒரு மணி நேரம் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் வீச்சைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் கணக்குப்பிள்ள, உங்களால எங்களுக்கு நட்டம் ஒண்ணும் வராது" என்று எழுந்து போனார். ஒரு மனிதனின் திறமைக்கு அரசாங்கமே சான்றிதழ் கொடுத்தாலும் இவ்வளவு துல்லியமாக இருக்காது.

அடுத்தது துடுப்புவால் மீன். வெள்ளி நிறத்தில் சின்ன ரப்பர் மீன். இழுத்தால் வால் அடித்துக்கொண்டு வரும். கலுங்குப் பக்கம் பாசியில்லாத தண்ணீரில் பார்க்க அவ்வளவு அழகு. அழகை எங்கள் ஜிலேபிகளும் ரசித்தன. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியாதான் இந்த ஜிலேபி. வந்த வேகத்தில் பெருகி, இப்போது குட்டையிலும் வாய்க்காலிலும் அதன் ராஜ்ஜியம்தான். அதற்கு என் ரப்பர் மீனை விழுங்கும் அளவு வாய் கிடையாது. ஆகவே பின்னாலேயே வந்து வாலை மட்டும் கொறித்துக்கொண்டு போகும். சுருள்வால் புழுவுக்கும் அதே கதி. சூர்ப்பனகைக்கு மூக்கு போனமாதிரி என் பாக்கெட்டில் இருந்ததற்கெல்லாம் வால் போயிற்று. நோட்டில் 'அடி' பத்தியில் நாற்பதுக்கு மேல் எழுதிக் குதூகலித்தேன். மாமா எட்டிப் பார்த்து, "இதெல்லாம் அடியா? கிள்ளு" என்றார்.

இதற்கிடையில் அறுந்ததும் கிழிந்ததுமாக ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அப்போதுதான் நிக் க்ரீம் என்ற மனிதரைப் பற்றிப் படித்தேன். ஒஹாயோ மாகாணத்தில் ஆக்ரன் ஊர்க்காரர். 1949இல் இவர்தான் மெத்தென்ற பிளாஸ்டிக் புழுவைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். மனைவியும் அவருமாக வீட்டில் வைத்தே கலவையைக் காய்ச்சி அச்சில் ஊற்றிப் பழகினார்களாம். ஆக்ரன் அந்தக் காலத்தில் டயர் கம்பெனிகளின் ஊர் என்பதும் பொருத்தம்தான். பிவிசி தூளை, அதை இளக வைக்கிற எண்ணெய் மாதிரியான ஒரு திரவத்தில் கலந்தால் பால் மாதிரி இருக்கும். நூற்று எழுபது டிகிரிக்குமேல் சூடு ஏறினால் பால் நிறம் மாறிக் கண்ணாடிப் பாகாகும். சாயம் போட்டு அச்சில் ஊற்றி ஆற வைத்தால் புழு. இளக்கி கூடினால் கொழகொழ; குறைந்தால் விறைப்பு. உப்பைச் சேர்த்தால் கனம் ஏறிச் சீக்கிரம் அமிழும்.

வீட்டில் வைத்தே என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா கணவரோடு சேர்ந்து காய்ச்சினார் என்பதை நான் கவனிக்கவில்லை. என் மனைவி சமுத்திராபட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, வாலறுந்த புழுக்களைப் பழைய பால் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தேன். அச்சுக்கு என்ன செய்வது? சுவரோரம் பணியாரச் சட்டி இருந்தது. ஏழு குழி.

இனிமேல் யாரும் இதைச் செய்யவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்: சூடு மிஞ்சினால் பிவிசி கருகும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. என் சமையலறையில் சூடு மிஞ்சியது. கண் எரிந்து, இருமி, வாசலுக்கு ஓடி, திரும்பிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். ஏழு கறுப்புப் பணியாரங்கள். ஒன்றுகூடத் தவளை மாதிரி இல்லை. ஆறு சட்டியை விட்டு வரவும் இல்லை. அந்தச் சட்டி என் மாமியார் சீராகக் கொடுத்தது. அதற்குமேல் அன்று சாயங்காலம் நடந்ததை எழுத எனக்கு வயது போதாது. வந்த ஒரே ஒரு பணியாரத்தை முள்ளில் கோத்து வீசியும் பார்த்தேன். நோட்டில் இருக்கிறது: 'ரகம்: சொந்தத் தயாரிப்பு. நிறம்: கறுப்பு. அடி: இல்லை. பிடி: இல்லை.' குறிப்பு: 'ஊற்றியவனுக்கு அடி.' அதைப் பிற்பாடு அடித்துவிட்டேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு அபத்தம். ரப்பர் இரைகள் எல்லாம் ஒரே ரப்பரில்லை. பிவிசி வகை ஒன்று. இழுத்தால் சவ்வு மாதிரி நீளுகிற வேறொரு சாதி ஒன்று. இரண்டையும் ஒரே டப்பாவில் போடக்கூடாது, ஒன்றையொன்று கரைக்கும். பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. நான் விலையைப் படித்தேன், எடையைப் படித்தேன், இதைப் படிக்கவில்லை. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருந்த டப்பாவைத் திறந்தபோது ஏழெட்டு நிறத்தில் ஒரே அல்வா. அல்வாவில் டப்பாவின் அடிப்பாகமும் கலந்திருந்தது.

சரி, தவளைக்கு வருவோம். ரப்பர் தவளைதான் எங்கள் தண்ணீருக்குச் சரியான இரை. இதை இரண்டு வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசை. கரையில் நின்ற எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பான். உள்ளே வெற்றாக, பலூன் மாதிரி இருக்கும். முதுகை ஒட்டினாற்போல மேல்நோக்கி இரண்டு முள். அல்லி இலைமேல் இழுத்தாலும் ஆகாயத்தாமரைமேல் இழுத்தாலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் கவ்வும்போது உடம்பு அமுங்கி, முள் இரண்டும் வெளியே நிமிரும். கண்மாயில் கோரையும் பாசியும் எங்கே அடர்த்தியோ அங்கேதான் விரால் கிடக்கும். செவுளோடு, காற்றை இழுத்து மூச்சுவிடவும் அதற்கு உறுப்பு உண்டு என்பதால், மற்ற மீன் திணறுகிற தண்ணீரிலும் அது சுகமாக இருக்கும், நேரத்துக்கு ஒருதரம் மேலே வந்து 'பொளக்' என்று ஒரு வாய் காற்று வாங்கும். அந்தச் சத்தத்தை வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

நிறம்தான் என் முதல் ஆராய்ச்சி. பச்சை, மஞ்சள், கறுப்பு, வெள்ளை. முதுகில் புள்ளி போட்டது, வரி போட்டது, கண்ணுக்குத் தங்க வளையம் போட்டது. பதினான்கு தவளை வாங்கினேன். ஒவ்வொன்றின் முதுகையும் வர்ணித்து நோட்டில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஒருநாள் மாமா அதிலொன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீனு எங்கருந்து மாப்ள பாக்கும்?"

"கீழருந்துதான்."

"அப்ப முதுகு யாருக்கு?"

பதினான்கில் பதினொன்றுக்கு வயிறு ஒரே வெள்ளை. கீழேயிருந்து வானத்தை நோக்கிப் பார்க்கிற மீனுக்கு அதுவும்கூட வெறும் கரிய நிழலாகத்தான் தெரியும். அரைப் பக்க வர்ணனைகளை நான் கிழிக்கவில்லை. கணக்கு நோட்டில் தாள் கிழிப்பது குற்றம்.

மஞ்சள் தவளையைப் பற்றி 'பத்து வீச்சில் மூழ்குகிறது. தரம் குறைவு' என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். அதையும் மாமாதான் பிடுங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். முள் நுழைகிற ஓட்டை வழியாகப் பீச்சிக்கொண்டு தண்ணீர் வந்தது, என் சட்டையில். வீச வீச உள்ளே தண்ணீர் ஏறும், அவ்வப்போது பிழிந்துவிடவேண்டும். மற்றத் தவளைகள் மூழ்காததற்குக் காரணம் பத்து வீச்சுவரை அவை என்னிடம் தங்காததுதான். பாதி வழியிலேயே கருவேல மரத்துக்குப் போய்விடும். தண்ணீர் பெருகும்போது எங்கள் கண்மாய்க்குள் சீமைக்கருவேலங்கள் இடுப்பளவு முழுகி நிற்கும். எங்கே வீசக்கூடாது என்று நினைக்கிறேனோ தவளை அங்கேயே போகும். இரண்டு வருஷத்தில் பதினொன்று போயிற்று. கணக்கில் 'தேய்மானம்' என்று எழுதிக்கொண்டேன்.

விரால் அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும். வெடித்த நொடியில் என் கை தானாக இழுக்கும். தவளை மீனின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு என் காதோரமாய்ப் பறந்து பின்னாலிருக்கும் வேலியில் விழும். "ஒரு வெத்தலைய மடிக்கிற நேரம் பொறு மாப்ள, அது வாயில போட்டுத் திரும்பட்டும்" என்பார் மாமா. மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் வாசலில் கழுமரம் ஏறுகிற பையன்கள்கூட, வழுக்கி வழுக்கி விழுந்தாலும் கடைசியில் உச்சியைத் தொட்டுவிடுகிறார்கள். நான் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்தைக் கடக்க முடியாமல் இரண்டு வருஷம் சறுக்கினேன்.

நோட்டில் பொய் புகுந்தது இந்தக் கட்டத்தில்தான். வாரம் முழுக்க ஒன்றும் இல்லாமல் 'இல்லை, இல்லை' என்றே எழுதினால் பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. கோரையில் மாட்டி நரம்பு அதிர்ந்ததை 'அடி: 1' என்று எழுதினேன். மனசாட்சி உறுத்தியபோது, எங்கள் தொழிலில் விளங்காத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கு ஒன்றைத் திறந்தேன். வருஷ முடிவில் சஸ்பென்ஸில் அறுபத்து மூன்று அடி. தணிக்கையாளர் வந்தால் என்னைக் கைது செய்திருப்பார். பட்டறைக் கணக்கில் இருபது வருஷமாய் ஒரு பைசா புரட்டாத கை இது. ஏமாற்ற ஆளே இல்லாத ஒரு நோட்டில் வந்து புரட்டியது.

மாமாவை எப்படியாவது ஒப்புக்கொள்ள வைக்கவேண்டும் என்றும் ஒரு வெறி. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்தவர், 1887இல் இந்தியாவின் குளத்து மீன்பிடிப்பைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் போட்டிருக்கிறார் என்று சொன்னேன். கலெக்டரே தூண்டில் போட்டிருக்கிறார், இது கௌரவமான விஷயம் என்று காட்டுவதற்காக. மாமா கேட்டது ஒரே கேள்வி: "விராலுக்கு அவரு என்னத்தப் போட்டாராம்?" நான் பேச்சை மாற்றினேன். தவளைதான். உயிருள்ளது.

சரி, நவீன உலகத்துக்குப் போவோமென்று பாஸ் உலக சாதனையைத் தேடினேன். 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது பத்துக் கிலோவுக்கு மேல். அதற்குச் சமமாக 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா ஒன்றைப் பிடித்தார். ரப்பர் இரை செய்வதில் பேர்போன நாடு ஜப்பான். ஆவலோடு படித்தால், குரிட்டா கோத்திருந்தது உயிருள்ள ஒரு சின்ன மீன். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை.

நான் ஒன்றைப் பிடித்தேன். அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, கண்மாய் முக்கால் நிறைந்திருந்த ஒரு காலை. மாமா வரவில்லை. மடைக்குப் பக்கத்தில் தண்ணீரின் மேல் செம்பு நிறத்தில் ஒரு உள்ளங்கையளவு இடம் கொதிப்பதுபோல் நுரைத்தது, அடங்கியது, மறுபடி நுரைத்தது. ஏதோ பூச்சிக் கூட்டம் என்று நினைத்து அதற்கு அப்பால் பச்சைத் தவளையை வீசி இழுத்தேன். செம்பு வட்டத்தைத் தவளை தொட்டதுதான் தெரியும், தண்ணீர் பிளந்தது. அன்றைக்கு நான் இழுக்க மறந்தேன். பயத்தில். அதுவே ஒரு வெற்றிலை நேரம் ஆகிவிட்டது. கரைக்கு வந்தது முழங்கை நீள விரால், முக்கால் கிலோ இருக்கும்.

செல்போனில் படம் எடுத்தேன். நாலு பக்கத்திலிருந்தும் எடுத்தேன். மனைவிக்கு அனுப்பினேன், பட்டறை வாட்ஸாப் குழுவில் போட்டேன், எடை ஒன்றேகால் என்றேன். நோட்டில் 'பச்சைத் தவளை: முதலிடம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். மாமா வீட்டுக்கே போய்ப் பையைத் திறந்து காட்டினேன். ஈரச்சாக்கில் அது இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தது.

"எங்க மாப்ள விழுந்துச்சு?"

சொன்னேன். செம்பு வட்டத்தையும் சொன்னேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது பூச்சியில்ல. குஞ்சு. மூச்சு வாங்க மேல வரும். தாயும் தகப்பனும் அடியிலயே கிடந்து காக்கும். நீ அதுக நடுவுல தவளைய இழுத்திருக்க. இது திங்க வரலடா, வெரட்ட வந்துச்சு."

மாப்ள என்று கூப்பிடுகிறவர் 'டா' போட்டது அப்போதுதான்.

இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போனோம். விரால் தண்ணீரில்லாமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கிற மீன் என்பது அன்றைக்கு என் அதிர்ஷ்டம். மடையோரம் விட்டதும் ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தது. அப்புறம் வாலை ஒரு வீசு வீசிச் சேறு கலங்க உள்ளே போனது. செம்பு வட்டம் எங்கேயும் தெரியவில்லை. ஜிலேபிகள் நிறைய இருந்தன. அது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தபோது குஞ்சு மிச்சம் இருந்ததா, எனக்குத் தெரியாது. பட்டறையில் மறுநாள் எல்லோரும், "என்ன கணக்குப்பிள்ள, குழம்பு எப்படி?" என்று கேட்டார்கள். பிரமாதம் என்றேன்.

ரப்பர் இரைகளை ஒப்பிட்டு நான் எழுதிய நோட்டின் ஒரே உருப்படியான முடிவு, எந்த இரையின் திறமையாலும் வந்ததல்ல. அந்த இடத்தில் நான் செருப்பை வீசியிருந்தாலும் அது வந்து அடித்திருக்கும். 'பச்சைத் தவளை: முதலிடம்' என்ற வரியைச் சஸ்பென்ஸ் கணக்குக்கு மாற்றினேன்.

அடுத்த கோடையில் கண்மாய் வற்றியது. குத்தகைக்காரர் வலை இழுத்து முடித்த பிறகு, ஊர் கூடி மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். முழங்கால் தண்ணீர், மீதி சேறு. விடியுமுன்னே சுத்துப்பட்டுச் சனமெல்லாம் ஊத்தா, கச்சா, கொசுவலைச் சேலை என்று கையில் கிடைத்ததோடு கரையில் நின்றது. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இறங்கினார்கள். கெண்டை, கெளுத்தி, குரவை, சேற்றில் புதைந்து கிடந்த விரால். அன்றைக்குப் பிடித்ததை விற்கமாட்டார்கள். வீட்டுக்கு வீடு குழம்பு. நானும் மாமாவின் பழைய ஊத்தா ஒன்றோடு இறங்கி, முக்கால் மணி நேரத்தில் மூன்று ஜிலேபி பிடித்திருந்தேன். இரண்டு வருஷத்தில் பிடித்ததைவிட மூன்று மடங்கு.

அப்போதுதான் கருவேலங்களின் பக்கமிருந்து ஒரு பையன் கத்தினான்.

"டேய், இங்க வாங்கடா! மரத்துல தவளை காச்சிருக்கு!"

தண்ணீர் இறங்கிய மரங்கள் சேறு பூசி நின்றன. கிளைக்குக் கிளை நரம்பு சுற்றி, ஆளுயரத்திலும் அதற்கு மேலும், பச்சையும் மஞ்சளும் கறுப்புமாய் என் தேய்மானம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. சனம் சிரித்தது. யாரோ, "எந்தக் கூமுட்டடா மரத்துல தூண்டி போட்டவன்?" என்றார்கள். காவல்காரர் கரையிலிருந்து என்னைப் பார்த்தார். மாமா என்னைப் பார்க்கவில்லை.

"வெளியூர்க்காரனுக எவனாச்சும் வந்து போட்டிருப்பானுக" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பையன் எட்டுத் தவளையை அவிழ்த்துக்கொண்டு வந்தான். நல்ல ரப்பர், மதுரையில் இருநூறு ரூபாய்க்குமேல் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஒன்று முப்பது என்றான். இருபதுக்குப் பேசினேன். எண்ணிக் கொடுக்கும்போது பச்சையை மட்டும் தனியே எடுத்து அமுக்கிக் காட்டினான். கரைசலாய்ச் சேற்றுத் தண்ணீர் வழிந்தது.

"இதுல மட்டும் தண்ணி ஏறிப்போச்சுண்ணே. பத்து ரூவா குடுங்க, போதும்."

கொடுத்தேன். அவன் காசை டவுசர் பையில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றான்.

"இதுல மீனு விழுமாண்ணே?"

"நல்லா விழும்" என்றேன்.

மாமா ஊத்தாவுக்குள் தோள்வரை கையை விட்டுச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.